என் மகள் தலையில் இன்னொருத்தி சீப்பு

யாழினி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதலில் என் கண்ணில் பட்டது அதுதான்.

பொங்கல் காலை. கச்சிராயபாளையத்தில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றின் முன்னாலும் கோலம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் படியில் அலமேலு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு படி கீழே என் ஏழு வயது மகள். அலமேலுவின் இரண்டு முழங்காலும் அவள் தோளுக்கு அணைப்பாக இருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையக் குட்டிக் குட்டி ரப்பர் பேண்டுகள், ஒரு முழம் கனகாம்பரம்.

என்னிடம் தலை வார வந்தால் இதே பெண் சீப்பு தொடும் முன்பே "ஆ" என்று கத்துவாள். கழுத்தை ஒடிப்பாள், எழுந்து ஓடுவாள். அங்கே அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் உள்ளே கடைசி ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டிக்கொண்டிருந்தேன். பொங்கல் அன்று காலையிலும் ஹூக் கட்டுகிற கூட்டம் நாங்கள், தையல்காரர்கள். ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே குத்தியதில் ஊசி விரலில் ஏறிவிட்டது. வாடிக்கையாளரின் மஞ்சள் ஜாக்கெட்டில் ஒரு பொட்டு ரத்தம்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்கிய கதையைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் கோபத்தைப் பற்றியே எழுதுகிறீர்களே, பொறாமை எல்லாம் உங்களுக்குக் கிடையாதா?" என்று கேட்டிருந்தார். அம்மா, இந்த வாரம் முழுக்க அதுதான்.

குஞ்சம் காணாமல் போன கதை

பொறாமை எனக்குப் புதிது இல்லை. திருக்கோவிலூரில் நான் ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது, ஆண்டு விழா நடனத்துக்கு முன்வரிசையில் நிற்க ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடத் தெரியாது. ஆனால் அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் ஜடை. எனக்கு நன்றாக ஆட வரும், முடிதான் எலி வால். மூன்றாம் வரிசையில் தள்ளிவிட்டார்கள்.

விழா அன்று அந்தப் பெண்ணின் ஜடைக் குஞ்சம் காணாமல் போயிற்று. பள்ளிக்கூடமே தேடியது. நானும் சேர்ந்து தேடினேன். அது என் பாவாடை நாடாவுக்குள் செருகி இருந்தது.

அவள் குஞ்சம் இல்லாமலே ஆடினாள், எல்லோரும் கை தட்டினார்கள். நான் அந்தக் குஞ்சத்தைப் பெண்ணையாற்று மணலில் புதைத்துவிட்டு வந்தேன். அதை எடுத்ததற்காக ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்டவளுக்குத்தான் பக்கத்து வீட்டில் அலமேலு வந்து சேர்ந்தாள்.

அலமேலு வந்தாள்

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி அவள் ஊர். புருஷன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர் என்பதால் கீழே குடி வந்தார்கள். இவளும் களை எடுக்க, கரும்பு நட என்று வயல் வேலைக்குப் போவாள். ஒரே மகள் செல்வி, ஒன்பது வயது, மலைமேலேயே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அங்கே பிள்ளைகள் எல்லாருக்கும் கிராப்பு. இருநூறு தலைக்கு யார் பேன் பார்க்க முடியும்?

ஆக, கையில் சீப்பு இருக்கிறது, வாரத் தலை இல்லை. என் மகளுக்குத் தலை இருக்கிறது, அம்மாவுக்கு நேரம் இல்லை. தீபாவளி, பொங்கல், ஆடி, கல்யாண மாதங்கள் எல்லாமே எனக்கு மிஷினில்தான் போகும். மற்ற அம்மாக்கள் பெண்ணைச் சிங்காரிக்கிற நேரத்தில் நான் மற்ற அம்மாக்களின் ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருப்பேன். யாழினிக்கு வருஷம் முழுக்க ஒரே ரெட்டை ஜடைதான்.

அதுவும் என் கை இறுக்கம். நூல் தளர்ந்தால் தையல் பிரியும் என்று இருபது வருஷமாகப் பழகிய கை. பின்னி முடித்தால் பிள்ளையின் புருவம் இரண்டும் மேலே ஏறி நிற்கும்.

அலமேலு ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னாக்கா இது, பொண்ணு தலையா, கரும்புக் கட்டா? இந்த இழுப்பு இழுத்தா கொழந்தைக்குக் கண்ணு மூட வருமா?"

யாழினியும் சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அவள் போட்டுவிட்டது இதுதான். காதிலிருந்து காதுக்குக் குறுக்கே ஒரு வகிடு. முன்முடியை ஐந்து பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்ட். அந்த ஐந்து வாலையும் இரண்டாகப் பிளந்து, பக்கத்துப் பாதியோடு பாதியைச் சேர்த்து மறுபடி பேண்ட். தலையில் வலை விரித்த மாதிரி கட்டம் கட்டமாக வந்தது. மிச்ச முடியைத் தளர விட்டு, வலை முடிகிற இடத்தில் கனகாம்பரத்தை வளைத்து இரண்டு ஊசி குத்தினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தெருவே கூடி வந்து பார்த்தது. "யாரு போட்டு வுட்டது?" என்று எல்லோரும் கேட்டார்கள். என் மகள் ஒவ்வொருத்தருக்கும், "அலமேலு அத்தை" என்றாள். அவள் போட்டிருந்த பட்டுப்பாவாடை நான் தைத்தது. இரண்டு அடுக்கு பார்டர், உள்ளே காட்டன் லைனிங், இடுப்பில் பிள்ளைக்கு உறுத்தாத நாடா. அதை யார் தைத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பட்டு நூலில் பழகியது

கற்றுக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்த்தேன். பழகிப் பார்க்கத் தலை? புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிற பட்டு நூல் என்னிடம் கட்டுக் கட்டாக உண்டு. ஒரு கட்டை ஆணியில் தொங்கவிட்டேன்.

வீடியோவில் பார்த்ததில் ஒன்று பின்னலே இல்லாத ஜடை. பிடரியில் ஒரு குதிரைவால் கட்டி, பேண்டைக் கொஞ்சம் கீழே இறக்கி, மேலே இருக்கும் முடியை விரலால் பிளந்து, அந்தப் பொத்தலுக்குள் வாலை மேலிருந்து விட்டுக் கீழே வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் கயிறு முறுக்கின மாதிரி தானாகவே திரும்பிக்கொள்ளும். அந்தப் பொத்தலில் ஒரு கொத்து மல்லிகையைச் செருகினால் ஆயிற்று. அதையே நாலு விரற்கடை தள்ளித் தள்ளி மூன்று முறை செய்தால் நீள ஜடை.

பட்டு நூலில் அழகாக வந்தது. யாழினி தலையில் வரவில்லை. கை பழக்கத்தில் இழுத்துவிட்டேன்.

சித்திரை மாதத்தில் அவள் வகுப்புத் தோழி வீட்டில் காதுகுத்து. முக்கால் மணி நேரம் போராடி முடித்தேன். பிள்ளை அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கண்ணாடியில் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"நல்லாக்கீதும்மா. அத்தைகிட்டப் போயி லைட்டா சரி பண்ணிக்கினு வந்துடறேன்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு மனம் நோகக் கூடாது என்றுதான் "நல்லாக்கீது" என்பதை முன்னால் சொன்னாள். அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பேசுவதில்லை.

வாய் தவறவில்லை

ஆனி மாதம் களமருதூரில் ஒரு கல்யாணம். கிளம்புகிற அவசரத்தில் அலமேலு சீப்போடு படியேறி வந்தாள்.

"கொழந்தைய இப்டி அனுப்புக்கா. ரெண்டு நிமிசம். நீ பொடவைய கட்டிக்கினு வா."

யாழினி என் கையை உதறிவிட்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கழுத்து, அந்த அசையாத கழுத்து! எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"வேணாம் அலமேலு. அவ முடிய இனிமே யாரும் பின்னக் கூடாது. சாமிக்கு வேண்டிக்கினு இருக்கேன். மொட்ட போடணும்."

வாய் தவறிச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். வாய் தவறவில்லை. அவள் கையை அந்தத் தலையிலிருந்து எடுக்க வேண்டும், அதற்குச் சாமியை விட்டால் வேறு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

"எந்தச் சாமிக்குக்கா?"

எங்கள் குலசாமி என்றால் என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவாள். "ஒங்க மலைப் பெருமாளுக்குத்தான்" என்றேன். அவள் சாமியென்றால் அவள் மறுபேச்சுப் பேச முடியாது என்று கணக்கு.

அலமேலு சீப்பை இடுப்பில் செருகிவிட்டு மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

"எங்க சாமிக்கா? கீழ இருந்துக்கினு எங்க சாமிய வேண்டிக்கினியாக்கா நீ?"

நாங்கள் கல்யாணம் முடிந்து திரும்புவதற்குள் மலையில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். ஆடித் திருவிழாவுக்கு முடி இறக்குவது, அவர்கள் வீட்டில் சாப்பாடு, எல்லாம் முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கே அவள் சொல்லித்தான் தெரியும்.

"எனக்குச் சொல்லாம எப்ப வேண்டிக்கின?" என்று கேட்டார்.

"போன வருசம் ஜுரம் வந்துச்சே, அப்ப."

"அன்னிக்கு நானும் பயந்துதான் போயிட்டேன் சுமதி" என்று சொல்லிவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார். நிஜத்தைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி நல்ல சமயம் அது. நான் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

மொட்டை போடும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அதைச் சாக்காக வைத்து நாளைத் தள்ளிப் போடலாம் என்று பார்த்தேன்.

"அதுக்கு இன்னாக்கா, எங்கண்ணன் மடி இல்லியா?" என்றாள் அலமேலு.

யாழினி யோசித்துவிட்டுக் கேட்டாள். "அவரு எனக்கு மாமான்னா, அப்ப நீங்க அத்தை இல்லியா?"

"சித்தி ஆயிட்டேன் கண்ணு."

சித்தி! வேலி கட்டப் போனவள் நான். என் கையாலேயே அவளை எனக்குத் தங்கச்சி ஆக்கிவிட்டேன். அன்றிலிருந்து என் மகள் நாளைக்கு நூறு முறை "சித்தி" என்றாள்.

முடியைப் பற்றி யாழினி ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஜடை நீளத்துக்கும் பூ வைத்துத் தைத்துவிடுவதாக அலமேலு அவளுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தாள். பிள்ளை ஜடையை முன்னால் எடுத்துப் போட்டு, எதுவரை வருகிறது என்று கண்ணாடியில் தினமும் பார்ப்பாள். ஒரே ஒருநாள், "நீ நெஜமாவே வேண்டிக்கினியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மலைமேல்

பஸ் ஏறிப் போனோம். வளைவுக்கு வளைவு யாழினி வாந்தி எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் சாய்ந்தது அலமேலு மடியில். எலுமிச்சம்பழம் அவளிடம்தான் இருந்தது. எனக்கு எலுமிச்சம்பழம் எடுத்துவரத் தோன்றவில்லையே என்று என் மேலேயே கோபம்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு பலா மரம். அதன் அடியில் அலமேலுவின் சொந்தக்காரர்கள் சாமை அரிசிப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். செல்வியை மட்டும் பரீட்சை என்று விடுதியிலிருந்து அனுப்பவில்லை. முன்பின் பார்த்திராத எனக்கு மூன்று பெண்கள் ஓடி வந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அலமேலுவின் அண்ணன் புது வேட்டி கட்டி, கூச்சத்தோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். யாழினி அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

முடி இறக்குகிறவர் சொம்புத் தண்ணீரைத் தெளித்துத் தலையை நனைத்தார். முடி தலையோடு ஒட்டி, பிள்ளையின் தலை சின்னதாகிவிட்டது.

"சித்தி, தீபாவளிக்குள்ள வளந்துடுமா?"

"வளந்துடும்டி ராசாத்தி. மாமா மடியில ஆடாம ஒக்காரு" என்றாள் அலமேலு. சொல்லிவிட்டு மரத்துப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தோள் குலுங்கியது.

அவள் அழுதாள். பெற்றவள் நான், எனக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. என் மகளின் முடிக்காக என்னை முந்திக்கொண்டு அவள் அழுகிறாள். திருந்தியதால் வாயைத் திறந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த அழுகையையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"நிறுத்துங்க" என்றேன்.

கத்தி எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் வேண்டிக்கவே இல்ல. பொய் சொன்னேன்."

"இன்னாக்கா சொல்ற?" அலமேலு திரும்பினாள்.

"நீ அவ தலையத் தொடக் கூடாது. அதுக்குத்தான் சொன்னேன். அவ்ளோதான்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அலமேலு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங் கையி அம்மாம் கசந்துச்சாக்கா ஒனக்கு?"

கசந்தது என்பதுதான் பதில்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் மாறிவிட்டது. "சாமி பேரச் சொல்லிட்ட. எங்க மலையில சொன்னது சொன்னதுதான், பொய்யாச் சொன்னாலும் குடுத்துதான் ஆவணும். கொழந்த இன்னா பண்ணுச்சு? சொன்னது ஒன் வாயி. யாழினி, நீ எயிந்திருடி. அக்கா, நீ வந்து ஒக்காரு."

யாரும் அவளை மறுத்துப் பேசவில்லை. என் வீட்டுக்காரர்கூட. நான் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. முதல் இழுப்பிலேயே நெற்றி மேல் காற்று பட்டது. எலி வால்தான் என்றாலும் நாற்பது வருஷத்து எலி வால். யாழினி எதிரில் உட்கார்ந்து வாயைப் பிளந்தபடி பார்த்தாள். முடிந்ததும் எழுந்து வந்து என் தலையை இரண்டு கையாலும் தடவினாள். சந்தனத்தை அவள்தான் பூசினாள், காதுக்குள் எல்லாம்.

பச்சைப் பட்டுப் பாவாடை

கீழே வந்த பிறகு அலமேலு என்னோடு பேசவில்லை. ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் பக்கத்துப் பக்கத்து வாசலில் கோலம் போட்டோம், வாய் திறக்கவில்லை. யாழினியிடம் எப்போதும் போலவே இருந்தாள். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது?

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும், "எந்தக் கோயிலு, இன்னா வேண்டுதலு?" என்று கேட்டார்கள். பொண்ணுக்காக என்றேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அலமேலு ஒரு பையோடு வந்தாள். உள்ளே பச்சைப் பட்டுத் துணி.

"செல்வி தீபாவளிக்கு வரா. பாவாட சட்ட தைக்கணும்."

"அளவு?"

அவள் யோசித்தாள். இடுப்புக்கு நேராகக் கையை வைத்தாள். பிறகு கொஞ்சம் மேலே தூக்கினாள். "இம்மாம் ஒசரம் இருப்பா. ஆனி மாசம் பாத்தது. வளந்திருப்பாளா இன்னாவோ."

நான் அந்தக் கையின் உயரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டேன். பிறகு, சொல்லாமலே, கீழே ஆறு விரற்கடை மடித்துத் தைத்தேன். வளர்ந்திருந்தால் பிரித்து விடலாம். அந்தத் தீபாவளிக்கு நான் தைத்ததிலேயே நல்ல உருப்படி அதுதான்.

தீபாவளிக் காலை

எண்ணெய்க் குளியல் முடிந்து யாழினி சீப்பு, ரப்பர் பேண்டுக் கிண்ணம், பூ எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நான் கடைசி ஹூக்கைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

படியில் அவள் இடத்தில் செல்வி உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பாவாடை கணுக்கால் வரை சரியாக வந்திருந்தது. கிராப்பு முடி காது மடலைத் தொடுகிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. அலமேலு அந்தக் கொஞ்சூண்டு முடியை நெற்றியிலிருந்து சின்னச் சின்னதாக எடுத்து, முறுக்கி முறுக்கிப் பின்னால் கொண்டுபோய், ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு மல்லிகை மொட்டு செருகிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"சித்தி" என்றாள் யாழினி.

"இரு கண்ணு. செல்விக்கு முடிச்சுட்டு வரேன்."

நிமிரக்கூட இல்லை. யாழினி அங்கேயே நின்றாள். ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்தாள். அலமேலு ஒரு முறுக்கைப் பிரித்து மறுபடி முறுக்கினாள். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

என் மகள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். உதடு உள்ளே போயிற்று, மூக்கு விடைத்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முன்வரிசைப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் நின்ற முகம்.

திடுதிடுவென்று உள்ளே வந்தாள். கிண்ணத்தை மிஷின் மேல் வைத்த வேகத்தில் பேண்டுகள் சிதறின.

"நீயே பின்னு" என்றாள். "அவளோடத விட நல்லாப் பின்னு."

ஜாக்கெட்டைக் கீழே போட்டேன். வாசல்படியில் போய் உட்கார்ந்தேன். அவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். பிடரியில் குதிரைவால் கட்டி, பேண்டைத் தளர்த்தி, விரலால் பிளந்து, வாலை உள்ளே விட்டு வாங்கினேன். மெதுவாக, முள்ளில் மாட்டிய பட்டுத் துணியை எடுக்கிற மாதிரி மெதுவாக. இழுக்கவே இல்லை.

அவள் ஒரு தடவைகூட அசையவில்லை. பார்வை முழுக்க அலமேலுவின் கைமேல் இருந்தது.